அத்தான் மாட்டிய ஸ்டீரியோ

என் அக்காவின் கணவரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'இதென்ன பெருசு' என்றுதான் சொல்வார்கள். குழாய் ஒழுகினாலும் கூரை ஒழுகினாலும் அவர் வாயில் முதலில் வருவது "இதுல என்ன பெருசா இருக்கு?" என்பதுதான். ஒருமுறை தபால்காரர் வாசலில் நின்று, "இதென்ன பெருசு வீடு இதுதானே?" என்று கேட்டார். அத்தானே எழுந்து போய் தபாலைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். வருத்தமே இல்லை. யாரோ பட்டம் கொடுத்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே வந்தார்.

அவருக்கு அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. நாள் முழுவதும் உட்கார்ந்த இடத்துக்கே பெட்டிகள் வரும். மூலை மடிந்திருக்கிறதா, பசை பிடித்திருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பார். சரியாக இருந்தால் பச்சை வட்ட ஸ்டிக்கர், இல்லாவிட்டால் சிவப்பு. சிவப்பு ஒட்டிய பெட்டி தொழிற்சாலை வாசலைத் தாண்டாது. சிவப்பு ஒட்டுவதில் அத்தான் பேர் போனவர். அவர் மேஜைப் பக்கம் வந்தாலே பெட்டி மடிக்கிற பெண்கள் பல்லைக் கடித்துக்கொள்வார்களாம். இதை அவரே பெருமையாகச் சொல்வார். அடுத்தவர் வேலையில் குற்றம் கண்டுபிடித்தே தலை நரைத்த மனிதர், சொந்தக் கையால் ஒரு பெட்டிகூட மடித்ததில்லை.

அந்த ஏக்கத்தைத் தீர்த்துக்கொள்ள அவருக்கு வாய்த்த இடம் எங்கள் வீடு. கீழே அக்காவும் அத்தானும், மாடி அறையில் நான். வீட்டில் அவர் கை வைக்காத பொருள் கிடையாது, அவர் கை வைத்து உருப்பட்ட பொருளும் கிடையாது. கூடத்து மின்விசிறியைக் கழற்றி மாட்டினார். அன்றிலிருந்து அது எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. காற்றெல்லாம் கூரைக்குப் போகிறது, நாங்கள் கீழே உட்கார்ந்து வேர்க்கிறோம். அலமாரிக் கதவைச் சரிசெய்தார். அது இப்போது சுவர்ப்பக்கமாகத் திறக்கிறது, கையை மட்டும் உள்ளே விட்டுத் துழாவித் துணி எடுக்க வேண்டும். குளியலறையில் சூடு என்று எழுதிய பக்கம் பச்சைத் தண்ணீர் வருகிறது. ஒவ்வொரு வேலை முடிந்ததும் சட்டைப்பையிலிருந்து ஒரு பச்சை ஸ்டிக்கரை எடுத்து அதன்மேல் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தி, இரண்டடி பின்னால் போய் நின்று பார்ப்பார். விசிறியில் பச்சை, அலமாரியில் பச்சை, குழாயில் பச்சை. சிவப்பு ஒன்றுகூட எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை.

நான் பல் மருத்துவமனை ஒன்றில் முன்மேஜையில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு நேரம் கொடுக்கிறவள். கட்டிங் பிளேயரை வைத்து வீட்டிலேயே பல்லைப் பிடுங்கப் பார்த்து, பாதியை உடைத்துவிட்டு, கன்னத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வருகிற ஆட்களைத் தினமும் பார்க்கிறேன். எல்லாரும் ஆண்கள்தான். எல்லாருக்கும் பக்கத்தில் ஒரு பெண், "அவருக்குக் கூச்ச சுபாவம், டாக்டர்கிட்ட வரத் தயங்கினார்" என்று பூசி மெழுகிக்கொண்டிருப்பாள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் என் அக்காதான் ஞாபகத்துக்கு வருவாள்.

ஏனென்றால் அக்கா பூசி மெழுகுவதில் கைதேர்ந்தவள். குழாய் பீய்ச்சியடித்துப் பக்கத்து வீட்டுச் சுவர் ஊறியபோது, "பழைய பைப்புங்க, அதான்" என்றாள். விருந்துக்கு வந்தவர்கள் விசிறிக்குக் கீழே நனைந்த கோழிகளாக உட்கார்ந்திருந்தபோது, "இன்னைக்கு வோல்டேஜ் கம்மி" என்றாள். ஏன் இப்படி அந்த மனிதருக்குக் குடை பிடிக்கிறாய் என்று கேட்டால், "ஆசையா பண்றார்டீ, விடு" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆசையாகப் பண்ணுகிறவர் ஒரு முறையாவது ஒழுங்காகப் பண்ணக்கூடாதா?

இப்படி விட்டுக்கொடுக்கிற அக்காதான் வீட்டுக்கு வெளியே வேறு ஆள். கொல்லைப்புறக் கொட்டகையில் இரண்டு பெரிய சலவை இயந்திரங்களைப் போட்டுத் தொழில் நடத்துகிறாள். தங்கும் விடுதிகளின் படுக்கை விரிப்புகள், முடிதிருத்தும் கடைகளின் துண்டுகள் எல்லாம் அவளிடம்தான் வரும். துவைத்து, தேய்த்து, மூலைக்கு மூலை பிடித்து மடித்து, தன்னுடைய பழைய பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு தானே ஓட்டிப் போய்க் கொடுப்பாள். அந்த வண்டி அவளுக்குக் கைகால் மாதிரி. கியர் எங்கே முரண்டு பிடிக்கும், கதவை எந்த இடத்தில் முழங்காலால் முட்டினால் மூடும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

வண்டியில் ஒரு பழைய ரேடியோ இருந்தது. டேஷ்போர்டின் இடது பக்கத்தில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு தட்டினால் பாடும். பாடிக்கொண்டே இருந்து பள்ளத்தில் இறங்கினால் நின்றுவிடும், மறுபடி ஒரு தட்டு. காலையில் எந்தச் சாலையில் நெரிசல் என்று அதில் சொல்வார்கள், அக்கா கேட்டு அதற்கேற்ப வண்டியைத் திருப்புவாள். அதில் மணியும் தெரியும். அவளுக்கு அது போதுமாக இருந்தது. அத்தானுக்குத்தான் போதவில்லை. தரம் பார்ப்பவர் வீட்டு வண்டியில் தட்டினால் பாடுகிற ரேடியோவா என்று அவருக்கு மானப் பிரச்சினை. அக்கா தட்டும்போதெல்லாம் தன் கன்னத்திலேயே அடி விழுந்த மாதிரி முகத்தைச் சுளிப்பார்.

இந்தச் சமயத்தில்தான் அக்காவுக்கு ஆஸ்பத்திரி வேலை வந்தது. ஊரின் பெரிய ஆஸ்பத்திரி, மூன்று மாடி. அத்தனை கட்டில் விரிப்புகளும் தலையணை உறைகளும் ஒரே இடத்துக்குப் போகும். அதைக் கேட்டு அக்கா வருஷக்கணக்காக நடையாய் நடந்திருக்கிறாள். முன்பு சலவை செய்தவர் அடிக்கடி தாமதமாக வந்தார் என்று அவரை நிறுத்திவிட்டார்கள். ஆஸ்பத்திரி ஸ்டோருக்குப் பொறுப்பான அம்மா அக்காவைக் கூப்பிட்டு, ஒரு வாரம் சோதனையாகச் செய்யுங்கள் என்று சொன்னார். காலையில் வேலையாட்கள் மாறுவதற்குள் விரிப்புகள் பின்வாசலுக்கு வந்துவிட வேண்டும், ஒரு நாள் தவறினாலும் அதோடு சரி. திங்கட்கிழமை முதல் நாள். இது கிடைத்தால் கொட்டகையில் இன்னொரு இயந்திரம் போடலாம், உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம், தேய்ப்புப் பெட்டியோடு நின்று நின்று வீங்கிப்போன கால்களை மாலையில் கொஞ்சம் நீட்டி உட்காரலாம். அக்கா வெளியே சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் முழுவதும் தனியாகப் பாடிக்கொண்டே துணி மடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அத்தான் முதல்நாள் வாங்கிய ஒரு புது ஸ்டீரியோவைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். முகத்தில் சிரிப்பு பொங்குகிறது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டிக்கு ஒரு கௌரவம் வேண்டாமா, அதனால் இன்றைக்கே மாட்டப்போகிறேன் என்றார். அதோடு, கடைக்காரரைத் தான் மடக்கிய கதையையும் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். பழைய வண்டியில் ஒயர்களெல்லாம் ஒரு பிளாஸ்டிக் முனையில் வந்து சேர்ந்திருக்கும், அதைக் கப்ளர் என்பார்களாம். அது புது ஸ்டீரியோவில் நேராகச் சேராது, நடுவில் இணைக்க ஒரு தனிப் பாகம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். "என் காதுல பூ சுத்தப் பாக்குறான். சிவப்பையும் சிவப்பையும் சேக்க எனக்கு இவன் பாகம் விக்கிறானாம்" என்று அத்தான் சிரித்தார். அவர் இதற்குமுன் வாழ்நாளில் ஒரு வண்டியின் ரேடியோவையும் கழற்றியதில்லை.

அக்கா சோறு போட்டுக்கொண்டிருந்த கரண்டியை அப்படியே நிறுத்தினாள். அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாமே என்றாள். அத்தானின் முகம் தொங்கிப்போனது. அவ்வளவுதான், அக்காவும் இளகிவிட்டாள். எனக்கு அங்கேயே தட்டைத் தூக்கி அடிக்கலாம் போல இருந்தது.

"நாளைக்குக் காலையில வண்டி எடுக்கணும். எனக்கு அது ஒண்ணு போதும்" என்று மட்டும் சொன்னாள்.

"ரேடியோவுக்கும் இன்ஜினுக்கும் என்ன சம்பந்தம்? இதுல என்ன பெருசா இருக்கு?" என்றார் அத்தான்.

அக்கா கொட்டகைக்குத் தேய்க்கப் போனாள். ஆஸ்பத்திரிக்கான துணி மலைபோல் குவிந்திருந்தது. நான் மாடிப்படியில் உட்கார்ந்து தலை காய வைத்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து வண்டி நன்றாகத் தெரியும், அதனால் நடந்ததையெல்லாம் கண்ணால் பார்த்தேன்.

ஸ்டீரியோவோடு வந்த விளக்கப் புத்தகத்தை எடுத்தார். படிக்கப்போகிறார் என்று நினைத்தேன். வண்டித் தரை சுட்டதால் அதை முழங்காலுக்கு அடியில் போட்டுக்கொண்டார். பழைய ரேடியோவைச் சுற்றியிருந்த சட்டத்தை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினார். ஒரு மூலை பட்டென்று உடைந்தது. யாராவது பார்த்தார்களா என்று சுற்றும்முற்றும் திருட்டு முழி முழித்துவிட்டு, உடைந்த துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதே மூலை அவருடைய தொழிற்சாலையில் உடைந்திருந்தால் யாருடைய அரைநாள் உழைப்போ குப்பைக்குப் போயிருக்கும்.

ரேடியோ வெளியே வந்ததும் அதன் பின்னால் ஒரு கொத்து ஒயர். கப்ளரை அழுத்திப் பிடித்து இழுத்தால் கழன்றுவிடும் என்பது பார்க்கிற எனக்கே தெரிந்தது. அவர் சமையலறைக்குப் போய்க் கத்தரிக்கோலை எடுத்துவந்தார். பேட்டரி இணைப்பை எடுக்காமல், கொத்து மொத்தத்தையும் ஒரே பிடியில் பிடித்து வெட்டினார். சடார் என்று ஒரு பொறி. அத்தான் இருக்கையிலிருந்து பின்பக்கமாக விழுந்தார். கத்தரிக்கோலில் எலி கடித்த மாதிரி ஒரு பள்ளம் விழுந்துவிட்டது. இன்றைக்கும் அதில்தான் பால் பாக்கெட்டை வெட்டுகிறோம், ஒவ்வொரு காலையும் அந்தப் பள்ளத்தில் பாக்கெட் மாட்டிக்கொள்ளும்.

நான் இறங்கிப் போய், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடலாம் என்றேன். "பொறி வந்தா கரண்ட் இருக்குன்னு அர்த்தம். நல்லதுதானே" என்றார். பொறியில் ரேடியோவின் ஃபியூஸ் போயிருந்தது. புது ஃபியூஸ் வாங்க ஞாயிற்றுக்கிழமை கடை ஏது? மனிதர் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து ஏதோ ஒன்றைப் பிடுங்கி அங்கே செருகினார். எங்கிருந்து பிடுங்கினார் என்று அவர் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அப்புறம் ஒயர் சேர்க்கும் படலம். சிவப்போடு சிவப்பு, மஞ்சளோடு மஞ்சள், கறுப்போடு கறுப்பு. வாழ்நாளெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டியவருக்கு நிறம் ஒன்றாக இருந்தால் வேலை சரி. வண்டி செய்தவனும் ஸ்டீரியோ செய்தவனும் ஒரே சாயத்தைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்று நினைப்பு. ஸ்டீரியோ வாயே திறக்கவில்லை. பிறகு ஒவ்வொரு முனையாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஒரு ஒயரில் தொட்டதும் திரை வண்ண வண்ணமாக எரிந்தது. உடனே சிவப்பு, மஞ்சள் இரண்டையும் அந்த ஒரே ஒயரோடு சேர்த்து முறுக்கி, காயத்துக்குக் கட்டுப் போடுகிற மாதிரி டேப்பைச் சுற்று சுற்றென்று சுற்றி, எல்லாவற்றையும் உள்ளே திணித்தார். பாட்டு தெருக்கோடி வரை கேட்டது. வண்டிச் சாவி என்னவோ கூடத்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"சாவியே போடலையே அத்தான், எப்படிப் பாடுது?" என்று கேட்டேன்.

"பழசுல அந்த வசதி இல்ல. இதுல இருக்கு" என்றார்.

என்ன பதில் பாருங்கள். அந்த ஒயரில் எந்நேரமும் பேட்டரியின் கரண்ட் ஓடும் என்பதும், சாவியை எடுத்தாலும் ஸ்டீரியோ தூங்காது என்பதும் மறுநாள்தான் எங்களுக்குத் தெரிந்தது. பழைய ரேடியோவில் சத்தத்துக்கான குமிழைக் கடைசிவரை இடப்பக்கம் திருப்பினால் டக்கென்று அணைந்துவிடும். அத்தான் அதே ஞாபகத்தில் புதியதன் குமிழையும் கடைசிவரை திருப்பினார். சத்தம் நின்றது. அணைந்துவிட்டது என்று முடிவு செய்துகொண்டார். இதில் சத்தம் மட்டும்தான் நிற்கும், மற்றதெல்லாம் விழித்துக்கொண்டே இருக்கும். திரை எரிந்ததாவது கண்ணில் பட்டிருக்குமே என்றால், அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டார். தூசி படக்கூடாது, திருடன் கண்ணிலும் படக்கூடாது என்று தன் துண்டை எடுத்து ஸ்டீரியோவின்மேல் நான்காக மடித்துப் போர்த்தினார். போர்த்துவதற்கு முன்னால் பச்சை ஸ்டிக்கர் ஒட்டத் தவறவில்லை. கை மிச்சமாக நாலைந்து திருகாணிகள் இருந்தன. அதையெல்லாம் ஒரு டம்ளரில் போட்டு, "கம்பெனிக்காரன் எப்பவுமே கூடப் போட்டுக் குடுப்பான்" என்று என்னிடம் நீட்டினார்.

மறுநாள் விடிகிற நேரம். மூட்டைகளை அக்கா முதல்நாளே ஏற்றித் தார்ப்பாய் கட்டிவிட்டிருந்தாள். இறக்கிக் கொடுக்க ஆள் வேண்டும் என்று நானும் கூடப் போவதாகப் பேச்சு. அக்கா தலை வாரி, நல்ல புடவை கட்டி, வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினாள். டிக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மறுபடி திருப்பினாள். டிக்.

அக்கா துண்டை எடுத்தாள். திரையில் உயிர் போகிற மாதிரி ஒரு மங்கல் வெளிச்சம் துடித்துக்கொண்டிருந்தது. அதன்மேல் கையை வைத்தாள். சூடாக இருந்தது. வீட்டிலிருந்து பல் துலக்கியபடி வந்த அத்தான், வாயில் நுரையோடு, "நான்தான் அணைச்சேனே. கடைசிவரைக்கும் திருப்பினேனே" என்றார். பேயறைந்த மாதிரி நின்றார். அந்த நிலையிலும் அவர் கண் ஸ்டிக்கர் மேல்தான் இருந்தது.

எதிர்வீட்டுத் தையல்காரரையும் அவர் மகளையும் கூப்பிட்டோம். தெருவின் கடைசியில் கொஞ்சம் இறக்கம் உண்டு, அதுவரை தள்ளினால் ஓடுகிற வேகத்தில் கியரில் போட்டு எடுத்துவிடலாம் என்றாள் அக்கா. துணி நிறைந்த வண்டி கல்லாக இருந்தது. நான் தள்ளுகிறேன், தையல்காரர் தள்ளுகிறார், அவர் மகள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தள்ளுகிறாள். அத்தான் ஒரு கையை மட்டும் வண்டிமேல் வைத்துக்கொண்டு, எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடிக்க வேண்டும், எடை முழங்காலில் விழ வேண்டும் என்று பாடம் நடத்திக்கொண்டு வந்தார். தையல்காரர் மரியாதை தெரிந்த மனிதர், தலையைக் குனிந்துகொண்டார். நான் வாயைத் திறப்பதற்குள் முன்பக்கத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"பேசாம தள்ளுங்க."

இத்தனை வருஷத்தில் அக்கா அவரிடம் அந்தத் தொனியில் பேசி நான் கேட்டதில்லை. அத்தான் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினார். இறக்கத்தில் வண்டி குலுங்கி, இருமி, உயிர் பெற்றது. ஸ்டீரியோவும் கூடவே கண் திறந்து எங்களைப் பார்த்துப் பல வண்ணத்தில் சிரித்தது.

நான் ஓடிப்போய் முன்னால் ஏறிக்கொண்டேன். தெருமுனையில் ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வந்தார். அக்கா ஹார்னை அழுத்தினாள். சத்தமில்லை. மறுபடி அழுத்தினாள். அத்தான் மூச்சிரைக்க ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து, ரேடியோவுக்கு ஃபியூஸ் எங்கிருந்து வந்தது என்பதை மென்று முழுங்கிச் சொன்னார். நீ ஹார்ன் அடிப்பதே இல்லையே என்று வேறு சேர்த்துக்கொண்டார். அக்கா எஞ்சின் நின்றுவிடக் கூடாது என்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவே இல்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

"பின்னால ஏறுங்க. இன்னைக்கு ஹார்ன் நீங்கதான்."

ஏறினார். வேறு என்ன செய்வார்? ஆஸ்பத்திரி வரைக்கும் மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, பனியனும் லுங்கியுமாக, "ஓரம் போங்க, ஓரம் போங்க" என்று கத்திக்கொண்டே வந்தார். நடைபயிற்சிக்குப் போனவர்கள் நின்று பார்த்தார்கள். ஒரு நாய் கொஞ்ச தூரம் துரத்திக்கொண்டு வந்தது. வழியில் அவருடைய தொழிற்சாலைப் பேருந்து எங்களைத் தாண்டிப் போனது. ஜன்னலோரத்தில் பெட்டி மடிக்கிற பெண்கள். பேருந்து தாண்டியபிறகு வெகுநேரம் பின்னாலிருந்து சத்தமே வரவில்லை. அக்கா கண்ணாடித் தடுப்பைப் பின்கையால் தட்டினாள், மறுபடி கத்த ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் பக்கத்தில் அக்காவின் கை ஸ்டீயரிங்கில் வெளுத்துப்போயிருந்தது, அதைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். நெரிசல் எங்கே என்று சொல்ல ரேடியோவும் இல்லை. புதுச் சனியனில் அந்த நிலையத்தை எப்படி வரவழைப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. நேராகப் போய்ப் பாலத்தடி நெரிசலில் மாட்டிக்கொண்டோம்.

பின்வாசலுக்குப் போனபோது காலை ஆட்கள் மாறி முடிந்திருந்தது. வார்டில் வேலை செய்யும் பெண்கள் பழைய விரிப்புகளைத் தேடி எடுத்துப் போய்க்கொண்டிருந்தார்கள். ஸ்டோர் அம்மா சாவிக்கொத்தோடு படியில் நின்றார். முதல் நாளே இப்படியா என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

அக்கா வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து குதித்தார் அத்தான். தலை காக்கைக்கூடு, தோளில் ஒரு தலையணை உறை தொங்குகிறது. பேட்டரி கம்பெனிக்காரர்கள் இப்போதெல்லாம் ஏமாற்றுகிறார்கள் மேடம், போன வருஷம் வாங்கிய பேட்டரி, தரம் என்பதே எங்கும் கிடையாது, நானே தரம் பார்க்கிற வேலையில் இருப்பதால் சொல்கிறேன் என்று வாய் கிழியப் பேசிக்கொண்டே போனார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் தலையாட்டப்போகிறாள், ஆமாங்க பேட்டரிதான் என்று குடையை விரிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். ஆத்திரத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"பேட்டரி நல்ல பேட்டரிங்க" என்றாள் அக்கா. "நேத்து இவர் வண்டியில ரேடியோ மாத்தினார். அவருக்குத் தெரியாத வேலை. அணைக்காம விட்டுட்டார். வேண்டாம்னு நான் சொல்லியிருக்கணும், சொல்லல. வேற காரணம் எதுவும் இல்ல."

அத்தான் தோளில் தொங்கிய உறையை எடுத்தார், மடிக்கப் பார்த்தார், மடிக்கத் தெரியவில்லை. சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டார்.

ஸ்டோர் அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். ஒரு மூட்டையை அவிழ்க்கச் சொன்னார். மேலே இருந்த விரிப்பை விரித்து மோந்து பார்த்தார், மூலைகளைத் தடவிப் பார்த்தார். துணியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் சொன்ன சொல்லிலிருந்து முழுக்க இறங்கி வரவும் இல்லை. மூன்று மாடியும் இப்போதைக்குக் கொடுக்க முடியாது, குழந்தைகள் வார்டு மட்டும் கொண்டுவாருங்கள், மற்றதற்கெல்லாம் வேறு ஆள் பார்க்கிறேன், பிறகு பார்க்கலாம் என்றார். உள்ளே போகத் திரும்பியவர் நின்றார்.

"பொய் சொல்லாததுக்காகத்தான் இந்த ஒரு வார்டு. நாளைக்கு இவரைக் கூட்டிட்டு வராதீங்க."

மூன்று மாடி ஒரு வார்டாகச் சுருங்கிவிட்டது. இன்னொரு இயந்திரமும் உதவிக்கு ஆளும் இந்த வருஷம் இல்லை என்று ஆகிவிட்டது. திரும்பி வரும்போது அக்கா அழவில்லை, திட்டவும் இல்லை. அவருக்காக ஒரு சாக்கும் சொல்லவில்லை. பின்னாலிருந்து "ஓரம் போங்க" சத்தம் ரொம்ப மெலிதாக வந்துகொண்டிருந்தது.

அன்றைக்கே எலக்ட்ரீஷியனிடம் வண்டியை விட்டாள். அவர் டேப் உருண்டையைப் பிரித்துப் பார்த்தார். கூட நின்றிருந்த அத்தானைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அந்தக் கடைக்காரர் விற்கப் பார்த்த அதே பாகத்தைத்தான் வாங்கிப் போட்டார். இப்போது சாவி போட்டால் பாடுகிறது, எடுத்தால் நிற்கிறது. ஹார்னும் அடிக்கிறது. ஸ்டீரியோவில் இருந்த பச்சை ஸ்டிக்கரை அக்கா நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டாள். அதன் பசை மட்டும் கறுப்பாக அங்கேயே இருக்கிறது.

அத்தான் சில நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அக்கா சமாதானம் சொல்லப் போகவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்துக் கொடுத்தாள், வார்டுக்குப் போய் வந்தாள். தெருவில் யாரோ அவரிடம் தங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டி சூடாகவில்லை என்று சொல்லிவிட்டு, வழக்கமான பதிலுக்காகக் காத்திருந்தார்களாம். அத்தான், "கடையில காட்டுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டார். உடம்பு சரியில்லையா என்று தையல்காரர் என்னிடம் விசாரித்தார்.

ஒரு நாள் மாலை நான் வேலையிலிருந்து வந்தபோது அக்கா கொட்டகை வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டாள். தேய்ப்புப் பெட்டியின் கைப்பிடி ஆடுகிறதென்று ஸ்க்ரூ டிரைவர் எடுக்கப் போயிருக்கிறாள். அத்தானின் கருவிப் பெட்டி வழக்கமான இடத்தில் இல்லை. பழைய பாய்களுக்குப் பின்னால், சுவரோரமாக, கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார். மூடியின் நடுவில் ஒரு சிவப்பு வட்டம். கோணலாகத்தான் ஒட்டியிருந்தார், ஆனால் கட்டைவிரலால் அழுத்திய ரேகை அதில் தெளிவாகத் தெரிந்தது.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. கயிற்றை அவிழ்க்காமல், பாயை இழுத்து அதைப் பழையபடி மறைத்தாள்.

"இத்தனை வருஷத்துல இந்த ஒண்ணைத்தான்டீ அவர் ஒழுங்கா செக் பண்ணியிருக்கார்" என்றாள்.